பிள்ளைகளுக்குக் கைகழுவப் பழக்குவது எப்படி: பெற்றோருக்கும் அங்கன்வாடிக்கும் ஒரு செய்முறை

சாப்பிட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது நம் வீடுகளில் தானாக நடக்கிறது. கையில் குழம்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும், அது போகவேண்டும். சாப்பிட உட்காரும் முன்போ வெறும் தண்ணீரில் ஒரு நனைப்புதான். 2018-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 76-ஆவது சுற்றும் இதையே காட்டியது: இந்தியக் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலானவற்றில்தான் சாப்பாட்டுக்கு முன் சோப்பு பயன்பட்டது. கையால் பிசைந்து உண்பவர்களுக்கு இந்த வரிசை தலைகீழ். வயிற்றுப்போக்கையும் பூச்சியையும் தடுப்பது சோற்றில் கை வைப்பதற்கு முன் போடும் சோப்புதான். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே கற்கிறார்கள் என்பதால், பழக்கும் வேலை வீட்டிலுள்ள பெரியவர்களின் கையிலிருந்து தொடங்கவேண்டும்.

இந்தக் கட்டுரை இரண்டு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது. வீட்டில் ஒரு பிள்ளைக்கும் இது பொருந்தும், அங்கன்வாடியில் இருபது பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்

"கை கழுவினாயா?" என்று நாளெல்லாம் கேட்டும் பிள்ளை கழுவவில்லை என்றால், பெரும்பாலும் குறை பிள்ளையிடம் இல்லை. குழாய் எட்டவில்லை, சோப்பு மேல்தட்டில் இருக்கிறது, அல்லது தரை வழுக்குகிறது. அறிவுரை சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

உயரத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பிள்ளையைக் கைகழுவச் சொல்லிவிட்டு முழங்கையைக் கவனியுங்கள். தண்ணீர் கையிலிருந்து முழங்கை நோக்கி வழிந்து சட்டையை நனைத்தால் குழாய் உயரம் அதிகம். ஈரச் சட்டை பிள்ளைக்குப் பிடிக்காது, அதனாலேயே அடுத்த முறை விரல்நுனியை மட்டும் காட்டிவிட்டு ஓடிவிடும். 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள அகலமான பலகை ஒன்றை நிலையாக அங்கேயே போட்டுவையுங்கள். அடியில் ரப்பர் ஒட்டியிருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் யாராவது எடுத்துவந்து போடவேண்டிய முக்காலி ஒரு வாரம்கூடத் தாங்காது.

அடுத்தது சோப்பு. முழுக்கட்டி சின்னக் கைக்குள் அடங்காமல் நழுவி விழும். புதுக் கட்டியை நான்காக வெட்டி ஒரு துண்டு மட்டும் கொடுங்கள். அதை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டால் கீழே விழாது, நீர் தேங்கிக் குழைந்தும் போகாது, நுரையும் எளிதாக வரும். விலை கூடிய கிருமிநாசினி சோப்பு தேவையில்லை. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களை வீட்டுக் கைசோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை 2016-இல் தீர்மானித்தது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்காததும் அதற்கு ஒரு காரணம். அங்கன்வாடியில் கட்டி சோப்பு காணாமல்போகிறது என்றால், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் துணிசோப்புத் தூளைக் கரைத்து, மூடியில் ஊசித் துளை போட்டுவிடுங்கள். பீய்ச்சிக்கொள்ள வசதி, செலவும் மிகக் குறைவு.

வாளியும் மக்குமாகக் கழுவும் வீடுகளில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கையில் மக்கைப் பிடித்தால் மிஞ்சுவது ஒரு கைதான். ஒற்றைக் கையைத் தேய்க்க முடியாது. மேலும் அழுக்குக் கையால் பிடித்த மக்குப்பிடியைத்தான் கழுவிய கையும் மறுபடி பிடிக்கிறது. இதற்கு ஒரே தீர்வு, தண்ணீர் தானாக விழவேண்டும். குழாய் பொருத்திய வாளி ஒன்றை ஸ்டூலின் மேல் வைத்தால் போதும். அது வரும்வரை பெரியவர் யாராவது ஊற்றிவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே அகன்ற பாத்திரத்தில் கையை முக்கி எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். முதல் பிள்ளையின் கையில் இருந்தது கடைசிப் பிள்ளைவரை போய்ச் சேரும்.

குழாய் வசதியே இல்லாத மையத்துக்கு, காலால் மிதித்தால் சாய்ந்து ஊற்றும் கேன் நன்றாக உதவும். கைப்பிடியுள்ள 5 லிட்டர் எண்ணெய்க் கேனை எடுத்து, உள்ளே எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். மூடிக்குக் கீழே சுமார் 12 செ.மீ. தள்ளி, முன்பக்கத்தில் சூடான ஆணியால் ஒரு சிறு துளை போடுங்கள். கவட்டையுள்ள இரண்டு கம்புகளை முக்கால் மீட்டர் இடைவெளியில் ஆழமாக நட்டு, குறுக்குக் கம்பைக் கைப்பிடிக்குள் செருகிக் கவட்டைகளில் வையுங்கள். கேனின் கழுத்திலிருந்து ஒரு கயிறு இறங்கித் தரையில் கிடக்கும் மிதிகம்பில் கட்டப்படவேண்டும். மிதித்தால் கேன் முன்னால் சாயும், காலை எடுத்தால் நிமிரும். துளை மட்டத்துக்குக் கீழேவரைதான் தண்ணீர் நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போதே ஒழுகும். துளையின் உயரம் ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சளவுக்கு மேல் போகவேண்டாம். கீழே ஜல்லி கொட்டுங்கள். சேறானால் பிள்ளைகள் பக்கத்தில் வரமாட்டார்கள், கொசுவும் சேரும்.

கழுவும் முறை

1. ஓடும் தண்ணீரில் இரு கைகளையும் நனைத்துக் குழாயை மூடவேண்டும். பச்சைத் தண்ணீரே போதும், வெந்நீரால் கூடுதல் பயனில்லை.
2. சோப்பைத் தேய்த்து நுரை வரவழைக்கவேண்டும். திரவ சோப்பு என்றால் ஒரே ஒரு அழுத்தல்.
3. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. இந்த வரிசையைப் பிள்ளை வாயால் சொல்லிக்கொண்டே செய்யட்டும். கட்டைவிரலை மறு கையால் பொத்திப் பிடித்துச் சுழற்றவேண்டும். நகக்கண்ணுக்கு, ஐந்து விரல்நுனிகளையும் குவித்து மறு உள்ளங்கையில் வட்டமாகத் தேய்க்கவேண்டும்.
4. இதற்கெல்லாம் சேர்த்து 20 நொடி. அ முதல் ஃ வரை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொன்னால் ஏறக்குறைய அவ்வளவு ஆகும்.
5. நுரை முழுதும் போகும்வரை அலசவேண்டும்.
6. உலர்ந்த துண்டில் துடைக்கவேண்டும்.

கடைசிப் படிதான் அதிகம் தவறுகிறது. ஈரக் கை உலர்ந்த கையைவிடக் கிருமியை எளிதில் வாங்கும், எளிதில் கடத்தும். பிள்ளைகள் டவுசரிலும், அம்மாவின் முந்தானையிலும், அடுப்படிக் கரித்துணியிலும் துடைத்துக்கொள்வார்கள். கழுவியது அத்தோடு வீண். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்து, அதற்கென்றே ஒரு சின்னத் துண்டைத் தொங்கவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்து வெயிலில் காயப்போடவேண்டும். அங்கன்வாடியில் பொதுத் துண்டு கூடாது. தனித்தனித் துண்டு வைக்க முடியாவிட்டால் கையை உதறிக் காற்றில் காயவிடுவது மேல். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் ஒரே துண்டு ஒரு வகுப்பு முழுவதற்கும் கண்ணோயைக் கொடுத்துவிடும்.

பெரியவர்கள் தாங்களும் ஒருமுறை கவனித்துக் கழுவிப் பார்க்கலாம். தேய்க்காமல் விட்டுப்போவது பெரும்பாலும் கட்டைவிரலும் விரல்நுனிகளுமாக இருக்கும். சோற்றை எடுத்து வாயில் வைக்கும் விரல்கள் அவைதாம்.

எத்தனை முறை என்பதைவிட, எப்போது என்பது முக்கியம்

நாளெல்லாம் கைகழுவச் சொன்னால் பிள்ளை சலித்துப்போகும், தோலும் வறண்டுபோகும். மாறாத சில வேளைகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வாயில் எதையும் வைப்பதற்கு முன் (தின்பண்டமும் இதில் அடங்கும்), கழிப்பறையிலிருந்து வந்ததும், வெளியே விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், மூக்கைச் சிந்தியதும், நாய், கோழி, ஆடு எதையாவது தொட்டதும்.

ஒவ்வொரு வேளையையும் பிள்ளை ஏற்கெனவே செய்யும் ஒரு செயலோடு முடிந்துவிடுங்கள். தட்டு எடுப்பதற்கு முன் குழாய், செருப்பைக் கழற்றியதும் குழாய். "கழுவிவிட்டுத்தான் தட்டு" என்ற வரிசை ஒரு நாள்கூட மாறக் கூடாது. விருந்தாளி வந்த நாளில் விட்டுக்கொடுத்தால், விடலாம் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். பள்ளியில் காலை உணவுக்கும் மதியச் சத்துணவுக்கும் முன்னால், தட்டோடு வரிசையில் நிற்பதற்குப் பதில் குழாயடியில் முதல் வரிசை போடலாம். நான்கு குழாய் இருந்தால் நாற்பது பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வங்கதேசப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு வழியைச் சோதித்தார்கள். கழிப்பறையிலிருந்து கைகழுவும் இடம்வரை தரையில் பாதச் சுவடுகளை வரைந்து, அங்கே கை வடிவங்களையும் தீட்டினார்கள். எந்தப் பாடமும் நடத்தாமலே கைகழுவும் பிள்ளைகள் வெகுவாகக் கூடினார்கள். இராக்கில் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில், உள்ளே பொம்மை தெரியும் கண்ணாடி சோப்பைக் கொடுத்தபோதும் அப்படித்தான். கிருமி பற்றிய அச்சத்தைவிட, கால் போகும் வழியும் விளையாட்டும் சின்னப் பிள்ளைகளை நன்றாக இழுக்கின்றன. ஒரு டப்பா பெயிண்டில் இதை உங்கள் பள்ளியிலும் செய்யலாம்.

வயதுக்கேற்ற எதிர்பார்ப்பு

இரண்டு வயதில் உங்கள் கைக்குள் பிள்ளையின் கையை வைத்து நீங்கள்தான் தேய்க்கவேண்டும். மூன்று வயதில் உள்ளங்கையும் புறங்கையும் அதுவே செய்யும், இடுக்கையும் நகத்தையும் நீங்கள் முடித்துக்கொடுங்கள். நாலைந்து வயதில் முழுவதும் தானே செய்துவிடும், ஆனால் பக்கத்தில் நீங்கள் நிற்கவேண்டும். பலர் இங்கேதான் கையை விட்டுவிடுகிறார்கள். செய்யத் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பழக்கமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இன்னும் சில மாதங்கள் கூட நில்லுங்கள். ஆறு வயதுக்குமேல் கையை மோந்து பார்த்து "சோப்பு வாசனை வருகிறதே" என்று சொன்னால் போதும். திட்டுவதும் எல்லார் முன்னிலும் "அழுக்கன்" என்று சொல்வதும் வேண்டாம். வெட்கப்பட்ட பிள்ளை கழுவாமலே கழுவியதாகச் சொல்லத் தொடங்கும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது

பிள்ளையின் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தடவி, வண்ணச் சாக்பீஸைப் பொடித்துத் தூவுங்கள். அப்படியே ஒரு தம்ளரையும் கதவையும் உங்கள் கையையும் தொடச் சொல்லுங்கள். நிறம் எங்கெல்லாம் ஒட்டியது என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, சோப்புப் போட்டால் போகும். எண்ணெயோடு ஒட்டிக்கொண்டதைச் சோப்பு பெயர்த்தெடுத்துத் தண்ணீரோடு அனுப்புகிறது. கையிலுள்ள கிருமிக்கும் நடப்பது ஏறக்குறைய இதுதான். மஞ்சள்பொடியை வைத்துச் செய்யாதீர்கள். அது தோலில் சாயமாகப் பிடித்து, சோப்புப் போட்டும் போகாமல் பாடத்தைக் கெடுத்துவிடும்.

தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவிச் சோப்பு விரலை வைத்தால் தூள் விலகி ஓடும் வேடிக்கை இணையத்தில் பரவலாக இருக்கிறது. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சோப்பைத் தொட்டாலே கிருமி ஓடிவிடும், தேய்க்கத் தேவையில்லை என்று பிள்ளை புரிந்துகொள்கிறது.

கழிப்பறையில்

கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. அது தவறு. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் அதிலும் ஏராளமாக இருக்கும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பெரியவர், அடுத்து எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னும் சோப்புப் போட்டே ஆகவேண்டும். மலத்தைக் கழிப்பறையில் கொட்டவேண்டும், வாசல் சாக்கடையில் வேண்டாம்.

நான்கு, ஐந்து வயதில் பிள்ளை தானே கால் கழுவப் பழகலாம். வலக்கையில் சின்ன மக்கால் ஊற்றி இடக்கையால் கழுவவேண்டும். பெரிய மக்கைச் சின்னக் கையால் சாய்க்க முடியாது என்பதால் அரை லிட்டருக்குள் பிடிக்கும் மக்காக இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாக என்பதை முதல் நாளே சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் போய் எரிச்சலும் காய்ச்சலும் வரும். முடிந்ததும் இரு கைகளுக்கும் சோப்பு. கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் செருப்பு கட்டாயம். கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே நுழையும்.

மூக்கும் இருமலும்

கையால் வாயைப் பொத்து என்று சொல்லித்தரவேண்டாம். பொத்திய கையால்தான் அடுத்த நொடி பொம்மையைத் தொடும். முழங்கையை மடக்கி, அதன் உள்மடிப்பில் முகத்தைப் புதைத்து இருமக் காட்டுங்கள். இருமல் இல்லாத நாளில் விளையாட்டாக நாலைந்து முறை செய்தால்தான், வரும்போது தானாக வரும்.

மூக்குச் சிந்துவது மூன்று வயது வாக்கில் வரும். இரண்டு செ.மீ. அகலத்தில் மெல்லிய காகிதத்தைக் கிழித்து மூக்கின் முன் பிடியுங்கள். வாயை மூடிக்கொண்டு மூக்குக் காற்றால் அதை அசைக்கவேண்டும். அது வந்தபின் ஒரு துளையை அடைத்து மறு துளையால் மெல்லச் சிந்தப் பழக்குங்கள். இரண்டையும் சேர்த்துப் பலமாகச் சிந்தினால் சளி காதுப் பக்கம் ஏறி வலி வரும். கர்ச்சீப் தினம் ஒன்று, சளி பிடித்த நாளில் இரண்டு. சட்டையில் ஊசியால் குத்தித் தொங்கவிட்டால் ஊசி திறந்துகொள்ளும், ஒரு பை தைத்துக் கொடுப்பது நல்லது.

நகமும் பூச்சியும்

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை குளித்ததும் நகம் வெட்டுங்கள். ஊறிய நகம் சுலபமாக வெட்டுப்படும். நூல்புழு உள்ள பிள்ளைக்கு இரவில் ஆசனவாய் அரிக்கும், சொறியும்போது முட்டைகள் நகக்கண்ணில் தங்கும், விரல் வாய்க்குப் போனால் மறுபடி வயிற்றுக்குள். அந்த முட்டைகள் படுக்கைத் துணியிலும் இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். அதனால் மருந்தை வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மருத்துவர் சொற்படி மறுபடியும் சாப்பிடவேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாள்கள். அதையொட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுப்பார்கள்: இரண்டு வயதுக்குமேல் ஒரு 400 மி.கி. மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வயதுவரை பாதி மாத்திரையைப் பொடித்து. தவறவிடாதீர்கள்.

சானிடைசர்

பேருந்துப் பயணத்தில், குழாய் கிடைக்காத இடத்தில் மட்டும். ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மண்ணோ எண்ணெயோ படிந்த கையில் அது சரியாக வேலைசெய்யாது. வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோவைரஸையும் பூச்சி முட்டையையும் அதை நம்பி விட முடியாது. பிள்ளை குடித்துவிடும் ஆபத்து இருப்பதால் பாட்டில் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். தீபாவளியன்று சானிடைசர் பூசிய கையோடு மத்தாப்பின் பக்கம் விடவே கூடாது.

தண்ணீர், தம்ளர், எச்சில்

குடத்துக்குள் தம்ளரை முக்கி எடுக்கும்போது விரல்களும் முங்குகின்றன. குழாய் வைத்த பானையோ, நீளக் காம்புள்ள அகப்பையோ வைத்துவிடுங்கள். பள்ளித் தண்ணீர் பாட்டிலின் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றித் தினமும் பிரஷ் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கறுப்புப் படிவது அங்கேதான். அண்ணாந்து குடிப்பது நல்ல வழக்கம். சின்னப் பிள்ளைக்குப் புரையேறும் என்பதால் நிதானம் வரும்வரை தனக்கென ஒரு தம்ளரில் வாய்வைத்தே குடிக்கட்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. எச்சில் பற்றிச் சொல்லித்தரும்போது "அந்தப் பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடாதே", "அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதே" என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். கிருமி எல்லார் கையிலும் எல்லார் வாயிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, தெருவும் சாதியும் பார்த்து அது தங்குவதில்லை. சுத்தம் என்ற பெயரில் பிள்ளை மனத்தில் தீட்டு புகுந்துவிட்டால், சோப்பால் தடுத்த நோயைவிட அது பெரிய கேடு. "யாருடைய தம்ளரும் வேண்டாம், என் தம்ளரையும் யாருக்கும் தரமாட்டேன், நமக்குச் சளி வந்தால் அவர்களுக்கும் வந்துவிடும்" என்று பொதுவாகச் சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளைக்கு நோய் வந்துவிட்டால்

வாந்தியோ பேதியோ தரையில் பட்டால் மேலே செய்தித்தாளைப் போட்டு மூடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் அளவு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு வெளியோரத்திலிருந்து உள்நோக்கி அள்ளவேண்டும். கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்குங்கள். நெடி இல்லாத பழைய பவுடர் வேலைசெய்யாது. கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

காய்ச்சல் என்றால் மருந்து இல்லாமலே 24 மணி நேரம் சூடு வராமல் இருந்தபின் பள்ளிக்கு அனுப்பலாம். வாந்தி, பேதி என்றால் நின்ற பிறகு 48 மணி நேரம். அம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டவேண்டும். கை, கால், வாய் நோய் என்றால் காய்ச்சல் நின்று கொப்புளங்கள் காயவேண்டும். இந்த நோய்க்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை: பிள்ளை தேறி ஓடியாடத் தொடங்கிய பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த வாரங்களில் ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போய்வந்ததும் பெரியவர் ஒருவர் கூடவே நின்று சோப்புப் போட வைக்கவேண்டும். பள்ளியில் அதைக் கவனித்துக்கொள்ள வகுப்பாசிரியரிடமும் ஆயாவிடமும் சொல்லி அனுப்புங்கள்.